தாங்கும் ரப்பரும் தடுக்கும் ரப்பரும்

வண்டி ஜாக்கியில் நிற்கிறது. மெக்கானிக் டார்ச் அடித்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைக் காட்டுகிறார். ரப்பர் கிழிந்து ஒரு பக்கம் வாய் பிளந்து கிடக்கிறது. வண்டிக்காரர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “அண்ணே, நல்ல பசையா ஏதாச்சும் போட்டு ஒட்டிக் குடுத்துட முடியாதா?”

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் லாரி முனையத்துப் பக்கம் போனாலும் சரி, வில்லியனூர் சாலையோரப் பட்டறைகளில் நின்றாலும் சரி, இந்தக் கேள்வி காதில் விழும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அப்படி ஒரு மழைக்குப் பிறகு சாலையில் பள்ளங்கள் மிஞ்சும். பள்ளத்தில் விழுந்து எழும் கார்களில் ‘டொக் டொக்’ சத்தம் மிஞ்சும்.

கேள்வி நியாயமானது. ஆர்மையே மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவு. பசைக் குப்பிக்கோ சில்லறைக் காசு. ஆனால் முடியும் என்றோ முடியாது என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. காருக்கு அடியில் இருக்கும் எல்லா ரப்பரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

இரண்டு வகை வேலை

சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர்களை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தாங்கும் ரப்பர். லோயர் ஆர்ம் புஷ், பின் அச்சின் புஷ், அம்பாசிடர் போன்ற வண்டிகளில் பட்டை ஸ்பிரிங் கண்ணில் இருக்கும் புஷ், ஷாக் அப்சார்பருக்கு மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட், பக்கத்திலேயே இருக்கும் இன்ஜின் மவுண்டிங் ஆகியவை இந்த வகை. வண்டியின் எடை, பிரேக்கின் இழுப்பு, வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளல் எல்லாம் இவற்றின் வழியாகத்தான் போகின்றன. வேகமாகப் போகும்போது பிரேக் மிதித்தால் முன்சக்கரம் பின்னுக்குப் போகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது லோயர் ஆர்மும் அதன் புஷ்ஷும்தான்.

இன்னொன்று, தடுக்கும் ரப்பர். ஷாக் அப்சார்பர் தண்டை மூடும் தூசிக் கவசம், பால் ஜாயின்ட்டை மூடும் சிறிய பூட், ஸ்டியரிங் ராக்கின் இருபுறமும் மடிப்பு மடிப்பாக இருக்கும் உறை, சுருள் ஸ்பிரிங்குக்கு அடியில் சத்தம் வராமல் கிடக்கும் ரப்பர் வளையம், சக்கர வளைவின் ஓர ரப்பர் ஆகியவை இதில் சேரும். தூசியையும் நீரையும் சத்தத்தையும் தடுப்பதுதான் இவற்றின் வேலை. இவை கிழிந்தால் வண்டி உடனே தடுமாறாது. மெல்ல மெல்ல வேறொரு பாகம் கெடும்.

தாங்கும் ரப்பரை மாற்ற வேண்டும். தடுக்கும் ரப்பரில் சிலவற்றை ஒட்டலாம். இந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். இதை ஏன் இத்தனை உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

தொழிற்சாலை எப்படி ஒட்டுகிறது

ஒரு புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு சிறிய இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். அந்த ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும் விதம் நம் வீட்டுப் பசைகள் எதிலும் இல்லாதது.

இரும்பை முதலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவுகிறார்கள். மணலைப் போன்ற கூரான துகள்களை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள், அல்லது பாஸ்பேட் பூச்சுத் தருகிறார்கள். அதன்மேல் ஒரு பிரைமர், பிரைமர் காய்ந்தபின் ஒட்டுப்பூச்சு. இரண்டும் சேர்ந்து ஒரு மயிரிழை கனம்கூட இருக்காது. உலகெங்கும் இதற்குப் பெயர்பெற்றது லார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய கெம்லாக் வரிசை. அதன்பின் இரும்பை அச்சில் வைத்து, இன்னும் வேகாத பச்சை ரப்பரை அழுத்தத்தோடு செலுத்தி, சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கிறார்கள். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த அதே வேலை அங்கே நடக்கிறது: கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கிறது. அதே சூட்டில், அதே நிமிடங்களில், ஒட்டுப்பூச்சும் ஒரு பக்கம் இரும்போடும் மறுபக்கம் ரப்பரோடும் வேதியியல் பிணைப்பைப் போட்டுக்கொள்கிறது. ரப்பர் வேகும்போதே ஒட்டும் ஒட்டு அது.

இதன் உறவுக்காரன் நமக்கு அருகிலேயே இருக்கிறான். புதுச்சேரி நெட்டப்பாக்கம் பக்கம் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருப்பது ஊருக்கே தெரியும். ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளுக்குப் பித்தளைப் பூச்சுத் தருவது டயர்த் தொழிலின் வழக்கம். ரப்பர் வேகும்போது பித்தளையில் உள்ள செம்பும் ரப்பரில் உள்ள கந்தகமும் சேர்ந்து கம்பியை ரப்பரோடு பிணைத்துவிடும். தனியாகப் பசை எதுவும் இல்லை. வேகும் நேரத்து வேதியியல்தான் பசை.

இந்த ஒட்டைச் சோதிக்கும் முறையும் தெரிந்துகொள்ள வேண்டியது. ரப்பரை இரும்பிலிருந்து இழுத்துப் பிய்க்கிறார்கள். ரப்பரே நடுவில் கிழிந்து, இரும்பின்மேல் ரப்பர் படலம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒட்டு தேறியது. இரும்பு வெறுமையாகத் தெரிந்தால் ஒட்டு தோற்றது. ஒட்டு ரப்பரைவிட வலுவாக இருக்க வேண்டும் என்பதே அங்கே அளவுகோல்.

ஒட்டே இல்லாத புஷ்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சில் பரவிய சைலண்ட்பிளாக் வகையில், இரண்டு குழாய்களுக்கு நடுவே ரப்பரைப் பெரும் அழுத்தத்தில் திணித்து, அந்த இறுக்கத்தாலேயே நழுவாமல் நிறுத்தினார்கள். ரப்பர் தேய்ந்து இறுக்கம் போய்விட்டால், அதைப் பசையால் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

கடைப் பசை ஏன் தோற்கிறது

வெந்த ரப்பர் இன்னொரு முறை வேகாது. அதன் மூலக்கூறுகள் ஏற்கெனவே கைகோத்து முடித்துவிட்டன. புதிதாக வரும் பசைக்குப் பிடித்துக்கொள்ள அங்கே இடம் குறைவு. இது முதல் காரணம்.

இரண்டாவது, ரப்பரின் மேற்பரப்பு. ஓசோன் தாக்கி வெடிக்காமல் இருக்க ரப்பரில் மெழுகு கலப்பார்கள். அந்த மெழுகு உள்ளிருந்து மெல்ல மேலே வந்து படலமாக நிற்கும். புதிய பாகத்தில்கூட மேலே மங்கலாக ஒரு படிவு தெரிவது இதனால்தான். அதன்மேல் பசை தடவினால் பசை மெழுகைப் பிடிக்குமே தவிர ரப்பரைப் பிடிக்காது.

மூன்றாவது, அசைவு. காரின் உடல் தன் ஸ்பிரிங்குகளின்மேல் ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். சக்கரம் அதைவிடப் பல மடங்கு வேகமாகத் துள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால், புஷ் குறைந்தது பத்தாயிரம் முறை முறுக்குப்படுகிறது. காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகும் பசை முதல் சில நூறு முறையிலேயே நுண்ணிய வெடிப்பு விடும்.

நான்காவது, பசையின் மேல் விழும் விசையின் திசை. ஒட்டிய தபால் உறையை இரண்டு முனையையும் பிடித்து நேராக இழுத்தால் எளிதில் வராது. ஓரத்தைப் பிடித்து உரித்தால் வந்துவிடும். ரப்பரை அமுக்கினால் அதன் கன அளவு குறையாது, ஓரங்களில் பிதுங்கும். அந்தப் பிதுக்கம் ஒட்டின் ஓரத்தை ஒவ்வொரு முறையும் உரித்துக்கொண்டே இருக்கும். எந்தப் பசைக்கும் மிகக் கடினமான சோதனை இந்த உரிப்புதான்.

நம் ஊருக்கென்று ஐந்தாவது காரணமும் உண்டு: கடல். உப்புக்காற்றும் தேங்கிய மழைநீரும் இரும்புக் குழாயின் ஓரத்தில் துருவைத் தொடங்கிவைக்கும். துரு ஒட்டுக்கு அடியில் ஊர்ந்து உள்ளே போகும். ரப்பர் நன்றாக இருந்தாலும் அடியில் இருக்கும் இரும்பு உதிர்ந்தால் ஒட்டு நிற்காது. அங்கே மேலே பசை போடுவது துருவை மூடிவைப்பதுதான்.

ஆகவே லோயர் ஆர்ம் புஷ்ஷோ ஸ்ட்ரட் மவுண்ட்டோ கிழிந்தால், ஒட்டச் சொல்லாதீர்கள். பல மாடல்களுக்கு ஆர்மை மாற்றாமல் புஷ்ஷை மட்டும் வாங்கி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்றலாம். செலவு கணிசமாகக் குறையும். உள்ளே திரவம் உள்ள மவுண்டிங் என்றால், கசிவு தெரிந்ததும் மாற்றிவிட வேண்டும். வெளியே பூசும் எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது.

ஒட்டத்தக்கவற்றுக்கு எது பொருத்தம்

இப்போது தடுக்கும் ரப்பருக்கு வருவோம். இங்கே பசைக்கு வேலை இருக்கிறது. எந்தப் பசை என்பதில்தான் கவனம் வேண்டும்.

பஞ்சர் கடையில் இருக்கும் சொல்யூஷன் கரைப்பானில் கரைத்த ரப்பர். டியூபில் அது அற்புதமாக வேலை செய்யக் காரணங்கள் உண்டு. டியூப் மெல்லியது, உரசிச் சுத்தமாக்கலாம், ஒட்டுத்துண்டின் அடியில் அதற்கென்றே ஒரு பச்சை ரப்பர் அடுக்கு இருக்கிறது, ஒட்டியபின் உள்காற்று அதை டயரோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. தூசிக் கவசத்தில் ஒரு சிறு ஓட்டை என்றால், அது இயற்கை ரப்பராக இருந்தால், உள்பக்கம் மெல்லிய ஒட்டுத்துண்டு போடச் சொல்யூஷன் போதும்.

இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டும் சிந்தெடிக் ரப்பர் பசை அடுத்தது. தச்சர்களிடம் இருக்கும் ஃபெவிகால் எஸ்.ஆர். 998, செருப்புத் தைப்பவர்களும் பயன்படுத்தும் ஃபெவிபாண்ட் இந்தக் குடும்பம். காய்ந்தாலும் வளையும் என்பது இதன் பலம். ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவும் ரப்பர் வளையத்தை இடத்தில் நிறுத்த, சக்கர வளைவின் ஓர ரப்பரை ஒட்ட இது ஏற்றது. பலவீனம் மூன்று: எண்ணெய் பட்டால் இளகும், சூடு ஏறினால் நழுவும், தொடர்ந்து இழுபட்டால் மெல்ல விட்டுக்கொடுக்கும்.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகள் சயனோஅக்ரிலேட் வகை. 1942-இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் வேறொன்றைத் தேடும்போது இதைக் கண்டு, எல்லாவற்றிலும் ஒட்டுகிறதே என்று ஒதுக்கிவைத்தார். 1958-இல்தான் அது கடைக்கு வந்தது. மேற்பரப்பில் உள்ள ஈரத்தால் இறுகும் பசை இது. கத்தியால் வெட்டியதுபோல் நேரான, சுத்தமான வெட்டு என்றால், ரப்பரின் இரு முனைகளையும் இது நன்றாகவே சேர்க்கும். ஆனால் இறுகியபின் மொறுமொறுப்பாகிவிடும். மடிப்பில் வளையும் இடத்தில் ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே ரப்பர் புதிதாகக் கிழியும். 80 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. ரப்பர் துகள் கலந்த கறுப்பு வகை சற்று வளையும். தொழில் ரீதியாக வேலை செய்பவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள்.

காரின் கண்ணாடியை ஒட்டும் பாலியூரித்தேன் பசை கனமான இடைவெளிகளுக்கு நல்லது. காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும், இறுகியபின் ரப்பர்போலவே இழுபடும். உலோகத்தின்மேல் ரப்பர் ஓரத்தை நிலையாக ஒட்ட வேண்டுமானால் இதுவே முதல் தேர்வு. அவசரப்படக் கூடாது, கனமான பூச்சு முழுதாக இறுக ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

மெக்கானிக்குகள் அனபாண்ட் என்று பொதுப்பெயராகவே சொல்லும் சிலிகான் பசை கேஸ்கட்டுக்கு உரியது. சூடு தாங்கும், எண்ணெய்க்கு அருகிலும் நிற்கும். ஆனால் இயற்கை ரப்பரோடு அதற்கு ஒட்டு குறைவு. விரலால் உரித்தால் தோல்போல் வந்துவிடும். அரால்டைட், எம்-சீல் போன்ற எபாக்சிகள் இறுகினால் கல். உலோகத்துக்கு அவை நல்லவை; வளையும் ரப்பரில் அவற்றைப் பூசக் கூடாது.

சில பாகங்கள் பார்க்க ரப்பர்போல் இருந்தும் ரப்பர் அல்ல. பல வண்டிகளின் ஆக்சில் பூட் வெளிப்பக்கம் ஒருவகைப் பிளாஸ்டிக் ரப்பர். அதில் பெரும்பாலான பசைகள் நிற்காது, உள்ளிருக்கும் கிரீஸும் ஒட்டவிடாது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ பஞ்சுபோல் இருக்கும் பம்ப் ஸ்டாப்பர் பாலியூரித்தேன் நுரை. நம் கடலோர ஈரச்சூட்டில் அது வருடங்கள் போகப் போகப் பொடியாக உதிரும். உதிர்வதை ஒட்ட முடியாது. பால் ஜாயின்ட் பூட் கிழிந்து உள்ளே மண் போயிருந்தால் பூட்டை ஒட்டிப் பயனில்லை. மண் உள்ளே குண்டை அரைத்துக்கொண்டிருக்கும். அந்த ஜாயின்ட்டைச் சோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்

எந்த ரப்பர் என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை நறுக்கி ஒரு மூடி டீசலில் இரவு முழுக்கப் போட்டுவையுங்கள். காலையில் வீங்கி மெத்தென்று இருந்தால் இயற்கை ரப்பர் அல்லது ஈ.பி.டி.எம். வகை, எண்ணெய் படும் இடத்தில் அது நிற்காது. அளவு மாறாமல் இருந்தால் நைட்ரைல். இடைப்பட்டதாக இருந்தால் நியோப்ரின். இதே காரணத்தால், புஷ்களை டீசலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவும் பழக்கம் கெடுதல். கிறீச் சத்தம் வருகிறது என்று இன்ஜின் ஆயில் விடுவதும் அப்படியே. இரண்டும் ரப்பரை உள்ளிருந்து ஊறவைத்துக் கிழிக்கும். ரப்பருக்குச் சிலிகான் கிரீஸ்தான் சரி.

ஒட்டும் இடத்தைச் சோப்பு நீரால் கழுவிக் காயவிடுங்கள். உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். மெழுகுப் படலம் போவது இதில்தான். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, விரல் படாமல் விட்டுவிடுங்கள்.

நேரமும் முக்கியம். கரைப்பான் ஆவியாகும்போது பசைப் படலம் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படியும். ஒட்டினால் நீரின்மேல் ஒட்டியதாகிவிடும். புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலோ விடியற்காலையிலோ சிந்தெடிக் ரப்பர் பசை வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் ஏறிய பகலில், பாகத்தைச் சற்று வெதுவெதுப்பாக்கிச் செய்யுங்கள். இந்தப் பசைகளின் ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் கேடு. காற்றோட்டமான இடத்தில், பீடி சிகரெட் இல்லாமல், பிள்ளைகளை எட்ட நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

பாகமே கிடைக்காவிட்டால்

பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்களின் கவலை வேறு. அவர்கள் வண்டிக்கு உதிரிபாகம் எங்கும் இல்லை. ஒட்டத்தான் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கும் நல்ல வழி இருக்கிறது. ரப்பர் மோல்டிங் செய்யும் சிறு பட்டறைகள் தொழிற்பேட்டைகளில் இருக்கின்றன. சென்னை அம்பத்தூர் போன்ற இடங்களில் தேடலாம். பழைய இரும்புக் குழாய்கள் நன்றாக இருந்தால் ரப்பரை நீக்கி, சுத்தம் செய்து, ஒட்டுப்பூச்சுப் பூசி, பச்சை ரப்பரை அச்சில் வேகவைத்துப் புதிய புஷ்ஷாகவே தருவார்கள். ரப்பரின் கடினம் பழையதற்கு இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். வண்டியின் மறுபக்கப் புஷ்ஷையும் காட்டினால் அளந்துகொள்வார்கள். தொழிற்சாலை முறையை அப்படியே திரும்பச் செய்வது இது. தாங்கும் ரப்பரில் நம்பத்தக்க ஒரே ஒட்டும் இதுதான்.

புதியதைக் காப்பது

புதிய புஷ் போட்டும் ஆறு மாதத்தில் கிழிகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுப்புஷ் சுழல்வதில்லை, முறுக்குப்பட்டே வேலை செய்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், ரப்பர் அந்த நொடியிலிருந்தே முறுக்கியபடி மாட்டிக்கொள்ளும். நிறுத்திவைத்திருக்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. போல்ட்டை லேசாகப் பொருத்தி, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கியபின் கடைசி இறுக்கம் தர வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு பழக்கம் எந்த உயர்ந்த பசையையும்விட அதிகமாக உதவும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். கடற்கரைச் சாலைப் பக்கம் நிறுத்தும் வண்டிகளின் அடிப்பகுதியை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

புஷ் மாற்றும்போது, கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரப்பருக்குள்ளேயே கிழிவு ஓடி, இரும்பின்மேல் ரப்பர் ஒட்டியபடி இருந்தால் அந்தப் புஷ் உழைத்து வயது முடிந்து போயிருக்கிறது; அதே வகையை மறுபடி வாங்கலாம். இரும்பு துருவேறி உதிர்ந்திருந்தால் குற்றம் உப்பின்மேல். இரும்பு சுத்தமாக, வெறுமையாக, ரப்பர் தனியே கழன்றிருந்தால், அது ஒழுங்காக ஒட்டப்படாத மலிவுப் பொருள். எத்தனை குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் அதை இன்னொரு முறை வாங்காதீர்கள்.